இறக்கம் பறிக்கும் வேகம்

மாசி மாதச் சிவராத்திரிக்கு முந்திய நாள் மாலையில், முஞ்சிறையை அடுத்த திருமலை மகாதேவர் கோயிலிலிருந்து காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாகப் புறப்படும் கூட்டம், ‘கோவிந்தா கோபாலா’ என்று முழங்கியபடி வெறுங்காலோடு ஓடத் தொடங்குகிறது. திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மேடேறி மேடிறங்கும் அந்த ஓட்டம், பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு ஆகிய தலங்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் நிறைவடையும்போது, முழுவதும் ஓடியவரின் கால்கள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரைக் கடந்திருக்கின்றன. பன்னிரண்டு சிவாலயங்களையும் வணங்கித் திரும்பியவர்களின் வீடுகளில் அடுத்த இரண்டு மூன்று நாள்களும் ஒரே காட்சியைத்தான் காண முடியும்: மாடிப்படியில் ஏறுவதற்கு அவ்வளவாகத் தயங்காத கால்கள், இறங்கும்போது மட்டும் முழங்காலுக்கு மேலே கடுத்து நடுங்க, சுவரைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாகக் கீழே வரவேண்டியிருக்கிறது.

ஏறுவதை விட்டுவிட்டு இறங்குவதை மட்டும் தண்டிக்கும் அந்தக் கடுப்பு, பக்தர்களோடு நின்றுவிடுவதில்லை. காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் ஆயத்தமாகும் இளைஞர்களையும், மாவட்ட அளவிலான தடகளப் போட்டிக்குச் செல்லும் பள்ளி மாணவர்களையும் அது அதே அளவு தொடுகிறது. ஆனால் அவர்களிடமிருந்து அது பறித்துக்கொள்வது நிம்மதியான நடையை விட விலை மிகுந்த ஒன்றை, அதாவது நூறு மீட்டரில் ஒரு நொடியின் பத்திலொரு பங்கையும் நீளத் தாண்டலில் ஒரு சாண் தூரத்தையும். உடற்பயிற்சி அறிவியல் இந்த இழப்பைப் பல பத்தாண்டுகளாக அளந்து வைத்திருந்தும், குமரி மாவட்டத்து மைதானங்களில் தேர்வுக்கு முந்திய வாரம்தான் இன்னமும் மிகக் கடுமையான பயிற்சி வாரமாக இருந்து வருவது கவலைக்குரியது.

தசையின் இரண்டு வேலைகள்

ஒரு தசை விசையைச் செலுத்தியபடியே சுருங்கிக் குறுகும்போது, எடுத்துக்காட்டாகப் படியேறும்போது தொடையின் முன்தசை உடலை மேலே தள்ளும்போது, அது செய்வது கான்சென்ட்ரிக் வேலை எனப்படும். அதே தசை விசையைச் செலுத்திக்கொண்டிருக்கும்போதே புறச்சுமை அதைவிடப் பெரிதாக இருப்பதால் இழுபட்டு நீளுமானால், அது எக்சென்ட்ரிக் வேலை. தமிழில் இதைத் தாங்கி இறக்கும் வேலை என்று சொல்லலாம். படியிறங்குதல், பள்ளத்தில் ஓடுதல், தாண்டிக் குதித்துத் தரையைத் தொடுதல், தண்டாலில் உடலை மெல்லத் தாழ்த்துதல், பனையிலிருந்து இறங்குதல், ஓட்டத்தை முடித்துவிட்டு வேகத்தைக் குறைத்து நிற்றல் ஆகிய அனைத்திலும் தசை பிரேக் போலச் செயல்பட்டு, உடலின் எடையையும் வேகத்தையும் தன் இழுவையால் விழுங்கிக்கொள்கிறது.

இந்த வேலையின் வியப்பான இயல்பு, மிகக் குறைந்த செலவில் மிகுந்த விசையைத் தாங்குவதாகும். 1952-இல் இங்கிலாந்தில் அப்பாட், பிக்லாண்ட், ரிட்சி ஆகிய மூன்று உடலியல் ஆய்வாளர்கள், இரண்டு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் பிணைத்து, ஒருவர் முன்னோக்கி மிதிக்க மற்றவர் தம்மை நோக்கிப் பின்னால் சுழன்றுவரும் மிதிகளை எதிர்த்துத் தடுக்குமாறு செய்தனர். இருவரின் கால்களிலும் செயல்பட்ட விசை ஒன்றுதான் என்றாலும், தடுத்தவர் உட்கொண்ட ஆக்சிஜன் மிதித்தவர் உட்கொண்டதில் ஒரு சிறு பங்காகவே இருந்தது. உருவில் சிறிய பெண்மணியான பிக்லாண்ட், வலுவான ஆண் ஒருவரின் மிதியைப் பெரிய சிரமமின்றித் தடுத்து நிறுத்தியது அறிஞர் அவையில் காட்டப்பட்டபோது பெரும் ஆரவாரம் எழுந்தது. இறக்கத்தில் மூச்சு வாங்காமல் ஓட முடிவதும், அதனாலேயே இறக்கத்தை எளிய பயிற்சியாக எண்ணி அளவு மீறுவதும் இந்தக் குறைந்த செலவின் விளைவுகளே.

செலவு குறைவு என்றாலும் சேதம் அதிகம். 1983-இல் நியூகாமும் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு மேடையின் மீது எப்போதும் ஒரே காலால் ஏறி, எப்போதும் மறுகாலின் பிடியில் கீழே இறங்கினர். ஏறிய கால் மிகுதியாகக் களைத்தும் மறுநாள் வலியின்றி இருக்க, உடலை மெல்லத் தாழ்த்திய கால் மட்டுமே வலித்து, வலுவிழந்து, நுண்ணோக்கியின் கீழ் இழைகள் குலைந்து காணப்பட்டது. ஒரே மனிதர், ஒரே ரத்த ஓட்டம், ஒரே உணவு, ஒரே உறக்கம். வேறுபட்டது வேலையின் வகை மட்டுமே.

பெட்டிச் செய்தி: அமிலத்தின் மீது விழுந்த பழி

மறுநாள் வரும் கடுப்புக்கு ‘லாக்டிக் அமிலம் தேங்கியதுதான் காரணம்’ என்று மைதானங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. கடும் ஓட்டத்தில் ரத்தத்தில் உயரும் லாக்டேட், ஓய்ந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வலியோ 24 மணி நேரம் முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தை அடைகிறது. 1983-இல் ஷ்வேன் குழுவினர் நடத்திய சோதனையில், 10 விழுக்காடு சரிவில் 45 நிமிடம் கீழ்நோக்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் உயரவே இல்லை, வலி மட்டும் வந்தது. சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் உயர்ந்தது, வலி வரவில்லை.

இழைக்குள் நேர்வது

தசை இழை என்பது சார்கோமியர் எனப்படும் நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட தொடர். சுமையின் கீழ் இழுபடும்போது எல்லா அலகுகளும் ஒரே சீராக நீள்வதில்லை. வலுக்குறைந்தவை அளவு மீறி நீண்டு, அவற்றில் சில மீண்டும் சரியாகப் பொருந்தாமல் போகின்றன. சுவீடனில் ஃபிரிடேன் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில், படிக்கட்டில் மீண்டும் மீண்டும் இறங்கியவர்களின் காலிலிருந்து சிறு தசைத்துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தபோது, அலகுகளைப் பிரிக்கும் எல்லைக் கோடுகள் சிதறிக் கிடந்தன. அதனோடு, நரம்பின் கட்டளையைத் தசையின் சுருக்கமாக மாற்றும் கால்சியம் வெளியீடும் குறைகிறது. பின்னர் அழற்சியும் நீர்க்கட்டும் தொடர்கின்றன. இவை உடல் செப்பனிட்டுக்கொள்ளும் காயங்கள்தாம், அந்தச் செப்பனிடலின் வழியாகவே தசை வலுப்பெறுகிறது. ஆனால் அதற்கு நாள் தேவைப்படுகிறது.

பயிற்சி பெறும் இளைஞரும் அவருடைய பெற்றோரும் இங்கே மனத்தில் இருத்த வேண்டியது, வலிமை குறையும் நேரமும் வலி தோன்றும் நேரமும் வேறுவேறு என்பதாகும். இறக்கப் பயிற்சி முடிந்த அக்கணமே வலிமை குறைந்துவிடுகிறது. வலி மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உச்சத்துக்கு வருகிறது. வலி அடங்கிய பிறகும், பயிற்சி கடுமையாக இருந்திருந்தால், வலிமை ஒரு வாரமோ அதற்கு மேலுமோ முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே ‘வலி போய்விட்டது, கால் சரியாகிவிட்டது’ என்று முடிவு கட்டும் ஓட்டக்காரர், தம் தசையின் கணக்கைத் தவறான ஏட்டில் பார்க்கிறார்.

தொடக்கக் கோட்டில் தெரியும் இழப்பு

விரைவோட்டக்காரருக்கு வேண்டியது வெறும் வலிமை மட்டுமன்று. திறன், அதாவது மிகக் குறைந்த நேரத்துக்குள் வெளிப்படுத்தப்படும் விசை. தொடக்கக் கோட்டிலிருந்து பாயும் முதல் சில அடிகளில் பாதம் தரையில் தங்கியிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவே. அதற்குள் உடலின் முழு எடையையும் முன்னோக்கித் தள்ளியாக வேண்டும். பழுதுபட்ட இழைகள் இந்த வேகமான கோரிக்கையை நிறைவேற்ற முடியாமல் பின்தங்குகின்றன.

பிரிட்டனில் பைர்ன், எஸ்டன் ஆகிய இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தோளில் எடை சுமந்து 100 முறை உட்கார்ந்தெழுந்தவர்களின் தாண்டும் உயரம் பல நாள்கள் குறைந்தே இருந்தது. அதிலும் ஒரு நுட்பம் வெளிப்பட்டது: முழங்காலை மடக்கி அசையாமல் நின்று, அந்நிலையிலிருந்தே எழும்பும் தாண்டலில் இழப்பு கூடுதலாகவும், முதலில் சட்டென்று தாழ்ந்து அந்த உந்துதலோடு எழும்பும் தாண்டலில் இழப்பு குறைவாகவும் காணப்பட்டது, தசைநாண்களின் மீள்திறன் பழுதுபட்ட இழைகளுக்கு ஓரளவு கைகொடுத்ததே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. குனிந்து அமர்ந்த நிலையிலிருந்து துப்பாக்கி ஓசைக்குப் பாயும் ஓட்டக்காரருக்கு, முதல் அடியில் அந்த மீள்திறனின் உதவி பெரிதாகக் கிடைப்பதில்லை. எனவே, நூறு மீட்டர் ஓட்டத்தில் இறக்கப் பயிற்சியின் கடன் முதலில் வசூலிக்கப்படுவது தொடக்கப் பாய்ச்சலிலேதான் என்று கொள்வதற்கு நல்ல காரணம் உண்டு.

அந்தக் கருத்துக்கு வலுச்சேர்ப்பவை ட்விஸ்ட், எஸ்டன் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட முடிவுகள். பத்துப் பத்தாக நூறு முறை முழு உயரத்துக்குத் தாண்டிய பின்னர், பத்து மீட்டர் விரைவோட்டங்களும் ஆறு நொடி மிதிவண்டி விரைவுகளும் அளக்கப்பட்டபோது, அடுத்தடுத்த நாள்களிலும் செயல்திறன் குறைந்தே இருந்தது. 2009-இல் ஹைட்டனும் அதே குழுவினரும் ஐந்து, பத்து மீட்டர் ஓட்டங்களையும் திசை திருப்பி ஓடும் சுறுசுறுப்பையும் அளந்து, 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் நேரம் கூடியதைக் கண்டனர். நூறு தாண்டல் என்பது நம் மைதானங்களில் எவரும் அஞ்சும் எண்ணிக்கையே இல்லை. காலரிப் படிகளில் இரண்டு காலால் தாவி ஏறி, குதித்து இறங்கும் மாணவர்கள் அரை மணி நேரத்துக்குள் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

இனி இதைத் தேர்வுக் களத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு வரும் ஆண்களுக்கு, நூறு மீட்டரை 15.00 நொடிக்குள் முடித்தால் ஒரு நட்சத்திரமும் 13.50 நொடிக்குள் முடித்தால் இரண்டு நட்சத்திரமும் கிடைத்து வந்தன. நீளத் தாண்டலில் அந்த எல்லைகள் 3.80 மீட்டரும் 4.50 மீட்டரும் ஆகும். நல்ல நிலையில் 13.40 நொடியில் ஓடக்கூடிய ஓர் இளைஞர், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மலையிறக்கத்தில் ஓடியதால் மூன்று விழுக்காடு வேகத்தை இழக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவருடைய நேரம் 13.80 ஆகிறது. பல மாதப் பயிற்சியால் எட்டிய இரண்டாவது நட்சத்திரம் ஒரே மாலைப்பொழுதின் ஆர்வத்தால் கைநழுவுகிறது. காரணம் எதுவென்று அறியாமல், தாம் போதிய அளவு பயிற்சி செய்யவில்லை என்று அவர் எண்ணிக்கொள்வதுதான் இதில் மிகவும் வருந்தத்தக்கது. அடுத்த வாய்ப்புக்கு அவர் இன்னும் கடுமையான கடைசி வாரத்தைத் திட்டமிடுவார்.

ராணுவ ஆள்சேர்ப்பில் நிலைமை சற்று வேறுபட்டது. அங்கே உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தின் நேரமே முதல் சல்லடை என்பதால், தொடக்கப் பாய்ச்சலின் இழப்பு அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. எனினும் ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டும்போதும், கடைசிச் சுற்றில் கூட்டத்தை முந்தும்போதும் அது தன்னைக் காட்டிக்கொள்கிறது.

மலையும் மணலும்

நாஞ்சில் நாட்டின் நில அமைப்பு பயிற்சியாளருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களில் வயல்வெளிக்கு நடுவே குன்றுகள் எழுந்து நிற்கின்றன. பொற்றையடியை ஒட்டிய மருந்துவாழ்மலைக்கும் சொத்தவிளைக் கடற்கரை மணலுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. இவ்விரண்டும் தசையிடம் கேட்கும் வேலை நேர் எதிரானது என்பதை அறிந்து பயன்படுத்துபவருக்கு விலையுயர்ந்த உடற்பயிற்சிக் கூடத்தின் தேவை பெருமளவு குறையும்.

மணலில் பாதம் புதைவதால் ஒவ்வொரு அடியிலும் மோதல் மென்மையாகி, தசை பிரேக் போட வேண்டிய அளவு குறைகிறது. ஆனால் புதைந்த காலை மீண்டும் தள்ளி எழுப்ப வேண்டியிருப்பதால் கான்சென்ட்ரிக் வேலை கூடுகிறது. பெல்ஜியத்தில் லெஜ்யூன் குழுவினர் 1998-இல் அளந்தபடி, மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைப்போல 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. ஜப்பானில் மியாமா, நொசாக்கா ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, உயரத்திலிருந்து குதித்துத் தாண்டும் பயிற்சியை மணலில் செய்தவர்களுக்கு மரத்தரையில் செய்தவர்களைவிடத் தசைச் சேதமும் வலியும் குறைவு என்று காட்டியது. மூச்சும் இதயமும் கடுமையாக உழைக்க, தசை இழைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் அரிய தளம் அது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று நீளும் மேற்குக் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து செழித்திருப்பதும், மைக்கேல் சூசைராஜ் போன்ற வீரர்கள் அந்த வட்டாரத்திலிருந்து இந்தியன் சூப்பர் லீக் வரை உயர்ந்திருப்பதும் பல காரணங்களின் கூட்டு விளைவு. கடற்கரை மணல் அவற்றில் ஒன்றாக இருக்க இடமுண்டு.

ஆனால் மணலில் மட்டுமே ஓடிப் பழகியவருக்கு ஒரு குறை உண்டு. கெட்டித் தரையின் மோதலையும் இறக்கத்தின் இழுவையையும் அவருடைய தசை சந்தித்ததே இல்லையாதலால், சிந்தெடிக் தளத்தில் முழு வேகத்தோடு ஓடும் முதல் நாளே அது அவருக்குப் புதிய இறக்கப் பயிற்சியாகிவிடுகிறது. விரைவோட்டத்தின் மிக ஆபத்தான கணமும் எக்சென்ட்ரிக் கணமே: முன்னோக்கி வீசப்படும் காலைத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு பிடித்து நிறுத்தும் தொடைப் பின்தசை, நீண்டபடியே பெரும் விசையைத் தாங்குகிறது, ஓட்டக்காரர்கள் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு தடத்தில் சரிவது பெரும்பாலும் அந்தக் கணத்தின் விளைவு.

மலையிறக்கத்தை வேகப் பயிற்சியாகக் கொள்பவர்களும் சரிவின் அளவைக் கருத வேண்டும். அமெரிக்காவில் எபனும் அவரோடு பணியாற்றியவர்களும் 2008-இல் பல சரிவுகளை ஒப்பிட்டு, ஏறத்தாழ 5.8 பாகை சாய்வில்தான் ஓட்ட வேகம் மிகுந்ததாகக் கண்டனர். அது பார்வைக்குச் சற்றே தாழ்ந்த தார்ச்சாலை. பாறைப் படிகள் கொண்ட மலைப்பாதை அன்று. செங்குத்தான படிகளில் கீழ்நோக்கி ஓடுவதால் வேகம் கூடுவதில்லை, பிரேக் போடும் பழக்கமே கூடுகிறது.

முன்பே பட்ட தசை

இவ்வளவையும் படித்தவர் இறக்கப் பயிற்சியே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது பெரும் பிழையாகும். எக்சென்ட்ரிக் வேலை ஒருமுறை தந்த சேதத்தை அதே அளவில் மறுமுறை தருவதில்லை. முதல் முறை கடுமையாக வலித்த அதே பயிற்சியைச் சில வாரம் கழித்துச் செய்யும்போது வலியும் வலிமை இழப்பும் பெருமளவு குறைகின்றன. நொசாக்கா குழுவினர் 2001-இல் காட்டியபடி, முழங்கைத் தசையில் இந்தக் காப்பு ஆறு மாதம் வரைகூட நீடிக்கிறது. இன்னும் நல்ல செய்தி, இந்தக் காப்பைப் பெறக் கடும் வலியை அனுபவித்தாக வேண்டிய தேவையில்லை. மிகக் குறைந்த சுமையில் செய்யும் சில மீள்முயற்சிகளே அடுத்து வரும் பெரிய சுமைக்குத் தசையை ஓரளவு ஆயத்தப்படுத்திவிடுகின்றன.

குமரி மாவட்டத்துப் பனையேறிகளின் உடல் இதற்கு நல்ல சான்று. தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் பல பனைகளில் ஏறி இறங்கும் ஒருவர், ஒவ்வொரு இறக்கத்திலும் கை, தோள், தொடை அனைத்திலும் தம் எடையைத் தாங்கி இறக்குகிறார். பழக்கமில்லாத வலுவான இளைஞர் ஒருவர் ஒரே நாளில் அதைச் செய்ய முயன்றால் மறுநாள் கையை உயர்த்த முடியாமல் தவிப்பார். அடிமுறை ஆசான்கள் தாழ்ந்த நிலைகளிலும் சுவடுகளிலும் மாணவர்களை மெல்ல மெல்ல நீட்டித்துப் பழக்குவதிலும் இதே படிப்படியான ஆயத்தம் இருக்கிறது. இவ்விரு மரபுகளும் உடலைப் பற்றிய நுண்ணறிவைப் பேணி வந்தவை. பள்ளி விளையாட்டுப் பயிற்சியில் அவற்றுக்கு உரிய இடம் இதுவரை கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

படிப்படியாகச் செய்த எக்சென்ட்ரிக் பயிற்சி வேகத்தையே உயர்த்துகிறது என்பதற்கும் சான்று உண்டு. சுவீடனின் உயர்நிலைக் கால்பந்துக் கழகங்களைச் சேர்ந்த 30 வீரர்களைக் கொண்டு ஆஸ்க்லிங் குழுவினர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் தொடைப் பின்தசைக்குக் கூடுதல் எக்சென்ட்ரிக் சுமை பெற்ற 15 பேரில் மூவருக்கு மட்டுமே அந்தப் பருவத்தில் பின்தொடைக் காயம் ஏற்பட்டது. மற்ற 15 பேரில் பத்துப் பேருக்கு ஏற்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் 30 மீட்டர் ஓட்ட நேரமும் குறைந்தது. டென்மார்க்கில் பீட்டர்சன் குழுவினர் 50 அணிகளைச் சேர்ந்த 942 வீரர்களைக் கொண்டு 2011-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், எந்தக் கருவியும் தேவைப்படாத நோர்டிக் பயிற்சியைச் செய்த அணிகளில் 15 பின்தொடைக் காயங்களும், செய்யாத அணிகளில் 52 காயங்களும் பதிவாயின.

பெட்டிச் செய்தி: நோர்டிக் பயிற்சி

இருவர் போதும், கருவி வேண்டாம். ஒருவர் மெத்தையிலோ புல்தரையிலோ முழங்காலிட்டு நிமிர்ந்து நிற்க, மற்றவர் அவருடைய கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறார். முழங்காலிட்டவர் இடுப்பை மடக்காமல் உடல் முழுவதையும் முன்னோக்கிச் சாய்த்து, தொடைப் பின்தசையின் இழுவையால் இயன்றவரை மெதுவாக இறங்கி, கடைசியில் கைகளை ஊன்றித் தரையைத் தொடுகிறார். மேலே எழுவதற்குக் கையால் உந்திக்கொள்ளலாம். டென்மார்க் ஆய்வில் முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள், ஐந்து முறை வீதம் இரண்டு சுற்றுகள் மட்டுமே செய்தனர். இரண்டாம் வாரத்தில் இரண்டு நாள், ஆறு முறை வீதம் இரண்டு சுற்றுகள். அதன்பின் படிப்படியாகவே எண்ணிக்கை உயர்த்தப்பட்டது.

முதியோருக்கும் இதில் பயன் உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம். தைவானில் சென், நொசாக்கா ஆகியோரின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் படியிறங்கி மட்டும் பயிற்சி செய்த உடல்பருமன் கொண்ட மூதாட்டிகள், படியேறி மட்டும் செய்தவர்களைவிடக் கால் வலிமையில் கூடுதல் முன்னேற்றம் பெற்றனர். மூச்சுத்திணறலால் ஏறத் தயங்குபவருக்கு மின்தூக்கியில் மேலே சென்று படிவழியே மெல்ல இறங்குவது நல்ல தொடக்கம்.

சில நிமிடத்துக்கு மட்டும் கிட்டும் கூடுதல்

எக்சென்ட்ரிக் வேலையின் உடனடி விளைவில் மற்றொரு பக்கமும் உண்டு. நன்கு பழகிய விளையாட்டு வீரர்கள், கனமான சுமையோடு மிகச் சில மீள்முயற்சிகளை மட்டும் செய்துவிட்டுச் சில நிமிடம் ஓய்ந்து நின்றால், அடுத்து வரும் தாண்டலோ பாய்ச்சலோ சற்று உயர்ந்து அமைகிறது. ஓய்வு குறைந்தால் களைப்பும், கூடினால் விளைவே மறைவதும் நேர்வதால் இது மெல்லிய கம்பி மீது நடப்பதற்கு ஒப்பானது. பயிற்சிக் காலத்தில் பலமுறை சோதித்துப் பாராத எவரும் தேர்வு நாளன்று இதை முயலக் கூடாது.

எண்ணெய், ஐஸ், மாத்திரை

கடுத்த காலுக்கு நாஞ்சில் நாட்டில் முதலில் நாடப்படுவது வர்ம ஆசானின் தைலமும் தடவலும். தசையைத் தேய்த்து நீவுவது வலியைக் குறைக்கிறது என்பதை ஆய்வுகளும் ஏற்கின்றன. குளிர்ந்த நீரில் கால்களை அமிழ்த்துவதும் அப்படியே. ஆனால் வலி குறைந்த அளவுக்குத் திறன் திரும்புவதில்லை. மறுநாள் நூறு மீட்டரை மீட்டுத்தரும் வழியாக இவற்றை நம்புவது ஏமாற்றத்தில் முடியும். பயிற்சிக்கு முன்பும் பின்பும் கைகால்களை நீட்டி மடக்குவதால் இந்த வலியைத் தடுக்க முடியும் என்ற நம்பிக்கைக்கும் ஆய்வுகளின் ஆதரவு இல்லை.

வலிமாத்திரை விழுங்கிவிட்டுத் தேர்வுக்குச் செல்வது இவற்றில் மிக மோசமான வழி. அது வலியை மறைக்கிறதே தவிர இழைகளைச் சீராக்குவதில்லை; வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்திருக்கும் நிலையில் இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் சுமையாகின்றன.

பெட்டிச் செய்தி: உடனே மருத்துவமனைக்கு

பழக்கமில்லாத கடும் இறக்கப் பயிற்சிக்கு அடுத்த நாள்களில் சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் கருத்துப் போனால், அல்லது தசை வீங்கி இறுகிக் கையையோ காலையோ அசைக்க முடியாமல் போனால், அது வழக்கமான கடுப்பு அன்று. தசை இழைகள் பெருமளவில் சிதைந்து அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமயோலிசிஸ் என்ற நிலையாக அது இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், வலிமாத்திரை கூடாது.

கடைசி வாரம்

தேர்வு நாளோ போட்டி நாளோ அறிவிக்கப்பட்டதும் பயிற்சியாளர் முதலில் செய்ய வேண்டியது, அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பு, வாரத்துக்கு ஒரு நாள் என்ற அளவில், நோர்டிக், மெல்லிய சரிவோட்டம், தாழ்ந்த உயரத்திலிருந்து குதித்தல் ஆகியவற்றைத் தொடங்கலாம். நடுவில் அவற்றை வளர்க்கலாம். கடைசி ஏழு நாளில் மலையிறக்கம், காலரிப் படியில் குதித்து இறங்குதல், கனமான எடையோடு உட்கார்ந்தெழுதல், அதுவரை செய்யாத புதிய பயிற்சி ஆகிய எவற்றுக்கும் இடம் இருக்கக் கூடாது. அந்த வாரத்துக்கு உரியவை, முழு ஓய்வு இடைவெளியோடு கூடிய மிகச் சில குறுகிய பாய்ச்சல்களும் போதிய உறக்கமும் மட்டுமே. மாணவர்கள் சோம்பிவிடுவார்கள் என்று அஞ்சும் ஆசிரியர்களின் தயக்கம் புரிந்துகொள்ளத் தக்கதே ஆயினும், ஏழு நாளில் வலிமை வளர்வதில்லை, இழக்க மட்டுமே முடியும்.

தசை மீண்டுவிட்டதா என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு சுவரும் ஒரு சுண்ணாம்புக்கட்டியும் போதும். நன்கு ஓய்ந்த நிலையில் முழங்காலை மடக்கி இரண்டு நொடி அசையாமல் நின்று, அங்கிருந்தே எழும்பிச் சுவரைத் தொட்டு மூன்று முயற்சிகளில் மிக உயர்ந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். அசையாத நிலையிலிருந்து எழும்புவதுதான் இழப்பைத் தெளிவாகக் காட்டும் என்பதால், கையை வீசியோ தாழ்ந்து உந்தியோ தாண்டக் கூடாது. பயிற்சி நாள்களில் அதே நேரத்தில், அதே காலணியோடு, அதே சுவரில் மீண்டும் அளந்து, வழக்கமான உயரம் எட்டப்படாத நாளில் கடும் பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டும்.

குடியரசு தினப் போட்டிக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் மாணவர்களை அழைத்துச் செல்லும் உடற்கல்வி ஆசிரியர்கள், காவலர் தேர்வுக்கு இளைஞர்களைப் பழக்கும் பயிற்சி மையங்களின் பொறுப்பாளர்கள், மாவட்ட விளையாட்டுத் துறையினர் ஆகியோர் ஒவ்வொரு மைதானத்திலும் அத்தகைய அளவுச் சுவர் ஒன்றையும் அதற்கான பதிவேடு ஒன்றையும் இந்த ஆண்டே ஏற்படுத்த வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு பெட்டிச் சுண்ணாம்புக்கட்டியின் விலைதான்.